ஒரே பஞ்சு, இரண்டு நோய்: வட்டக்கச்சியில் ஓர் அக்சோலோட்டல்

சித்திரை வருடப் பிறப்பு முடிந்து மூன்றாம் நாள், பகல் இரண்டு மணி வெயிலில் ஒரு தாயும் மகனும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். பெடியனின் மடியில் ஒரு பெயின்ட் வாளி, அதன் மேல் ஈரத் துவாய். வாளியின் அடியில் ஒரு சாண் நீளத்தில் வெள்ளை உயிர் ஒன்று அசையாமல் கிடந்தது.

"அன்ரி, இதைப் பாருங்கோவன். பஞ்சு பஞ்சா வருது" என்றான். பதினாலு வயது இருக்கும். அழுது களைத்த முகம்.

நான் கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில், வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டிகளில் கப்பியும் கோல்ட்பிஷ்ஷும் வளர்த்து விற்கிறவள். மிருக வைத்தியம் படித்தவள் அல்ல. பல வருடங்களாக மீன் நோய்களோடு பழகியிருக்கிறேன், ஆனால் அக்சோலோட்டலை அதற்கு முன் இரண்டே தடவைதான் கையாண்டிருந்தேன். இதை நாள்வாரியாக எழுதிவைக்கக் காரணம், முதல் மூன்று நாட்களில் நான் விட்ட ஒரு பிழை. வன்னியில் இப்போது ஆங்காங்கே பிள்ளைகள் இதை வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதே பிழையை இன்னொரு வீட்டில் விடக்கூடாது.

பலர் இதை "நடக்கிற மீன்" என்கிறார்கள். மீன் அல்ல, சலமந்தர் வகை ஈரூடகவாழி. நம் இலங்கையில் தவளை, தேரை உண்டு, இயற்கையாக வாழும் சலமந்தர் ஒன்றுகூட இல்லை. இதன் சொந்த இடம் மெக்சிக்கோ நகரத்தின் தெற்குப் பகுதியில் இருக்கும் சொச்சிமில்கோ ஏரியும் அதன் வாய்க்கால்களும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீற்றர் உயரம். அதாவது நுவரெலியாவை விட உயரமான இடத்துத் தண்ணீரில் பிறந்த உயிர். அங்கே இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது. இது வளர்ந்த பின்னும் தலைப்பிரட்டைப் பருவத்துச் செவுளைக் கைவிடுவதில்லை. மீன் வெட்டும்போது "பூ" என்று எறிவோமே, அந்தச் செவுள்தான். இதற்கு அது தலைக்கு வெளியே இரண்டு பக்கமும் மும்மூன்று கிளையாக நீட்டிக்கொண்டிருக்கும். நோய் முதலில் தெரிவதும் அங்கேதான்.

வெள்ளைச்சி என்று பெயர். பெடியனின் அம்மம்மா வைத்தது. கொழும்பிலிருந்து வந்த மாமா எட்டு மாதத்துக்கு முன் குட்டியாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

வந்த நேரத்துக் கோலம் இது. நீளம் 17 சென்ரிமீற்றர். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை வைத்து, தராசைப் பூச்சியமாக்கி, அதற்குள் இறக்கிப் பார்த்தபோது 48 கிராம். செவுள் கிளைகள் முன்பக்கமாக வளைந்திருந்தன. ஓடும் தண்ணீரோ வேறு தொந்தரவோ நீண்ட நாள் இருந்தால் இப்படி வளையும். வாலின் நுனி கொக்கி போல் மடிந்திருந்தது. வலப்பக்கச் செவுளில் வெண்மையான, மெல்லிய, தண்ணீரில் அலையும் பஞ்சு. இடப்பக்கத்திலும் பஞ்சு, ஆனால் அது கொஞ்சம் மங்கலாக, மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில், கிளையோடு ஒட்டிக் கிடந்தது. வலது பின்காலின் ஒரு விரல் நுனி சிவந்திருந்தது. ஆறு நாளாகச் சாப்பாடு இல்லை.

இடப்பக்கத்து நிறமும் அந்த விரலும் என் கொப்பியில் அன்றைக்கே எழுதியிருக்கிறது. எழுதினேன், யோசிக்கவில்லை.

வீட்டு நிலைமையைக் கேட்டேன். 45 லீற்றர்த் தொட்டி, தகரக் கூரை அறை. வருடப் பிறப்புக்கு வீடு கழுவியபோது பில்டர் ஸ்பொஞ்சையும் குழாய்த் தண்ணீரில் பிழிந்து பிழிந்து வெள்ளையாகக் கழுவியிருக்கிறார் தாய். நல்ல மனதோடு செய்த வேலை. ஆனால் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், ஸ்பொஞ்சில் குடியிருந்த நல்ல பற்றீரியாவைக் கொன்றுவிட்டது. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுவது அந்தப் பற்றீரியாதான். பஞ்சு தெரிந்ததும் ஒரு கடையில் கொடுத்த பச்சைநிற மீன் மருந்தை மூன்று நாள் மீன் அளவுக்கே விட்டிருக்கிறார்கள். போத்தலை வாங்கிப் பார்த்தேன். மலக்கைற் கிறீனும் போர்மலினும் கலந்தது. ஈரூடகவாழிகளின் தோலுக்குச் செதில் இல்லை, தண்ணீரில் கலந்ததெல்லாம் தோல் வழியாக உடம்புக்குள் போகும். மீனுக்கு மருந்தாக இருப்பது இதற்கு நஞ்சாகலாம். செப்புக் கலந்த மருந்துகளும் அப்படித்தான்.

பெடியன் ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரும் கொண்டுவந்திருந்தான், கெட்டிக்காரன். அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராம், பீஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 8. தொட்டியின் வெப்பநிலை காலையில் 30 பாகை செல்சியஸ் இருந்ததாகச் சொன்னான். அக்சோலோட்டலுக்கு நல்லது 16 முதல் 18 பாகை, 20 வரை பரவாயில்லை, 24 தாண்டினால் உடம்பு உடையத் தொடங்கும்.

இந்த 30 பாகையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். தண்ணீரில் இருக்கும் அமோனியா முழுவதும் நஞ்சு அல்ல. அதில் ஒரு பங்குதான் செவுளைச் சுடும் வடிவத்தில் இருக்கும். பீஎச் 8 உள்ள தண்ணீரில் 18 பாகையில் அந்தப் பங்கு நூற்றுக்கு 3 அளவு. அதே தண்ணீர் 30 பாகைக்கு ஏறினால் நூற்றுக்கு 7ஐத் தாண்டிவிடும். சோதனைக் குழாயில் நிறம் ஒன்றுதான், விலங்குக்கு விழும் அடி இரட்டிப்பு. ஒட்சிசனும் குறையும்: 18 பாகையில் லீற்றருக்கு ஒன்பதரை மில்லிகிராம் கரையும், 30 பாகையில் ஏழரைதான். விலங்குக்கோ சூட்டில் ஒட்சிசன் கூடத் தேவை. அதே சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். செவுள் சுடுபட்டு, மூச்சு முட்டி, எதிர்ப்புச் சக்தி விழுந்த பிறகுதான் பஞ்சு வந்தது. பஞ்சைக் கொல்ல மருந்து விட்டவர்கள் யாரும் தண்ணீரைக் குளிரவைக்கவில்லை.

முதல் நாள் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மூடி போட்ட 10 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டியில் 8 லீற்றர்த் தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு உடைந்த பூச்சட்டி, இருட்டான அறை. எங்கள் கிணற்றில் குளோரின் இல்லை. கிணற்றுத் தண்ணீர் அன்றைக்கு 28 பாகை, மண்பானையில் இரவு வைத்து எடுத்தது 25. அந்தப் பெட்டியைத் தூக்கி, மீன் வியாபாரிகள் பாவிக்கும் ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, இரண்டுக்கும் இடையில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களை நிறுத்தினேன். ஐஸ் நேரே விலங்கின் தண்ணீரில் படக்கூடாது. 30இலிருந்து 18க்கு ஒரே மூச்சில் இறக்கினால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். மணிக்கு ஒரு பாகைக்கு மேல் இறங்கவிடாமல் பார்த்து, இரவு 24, மறுநாள் மாலை 19.

பிரிட்ஜுக்குள் வைக்கும் முறையும் இருக்கிறது. 5 முதல் 8 பாகையில் நோயும் மெதுவாகும், ஆனால் விலங்கின் எதிர்ப்புச் சக்தியும் மெதுவாகும். நாளுக்கு இருபது தரம் கதவு திறக்கும் வீட்டுப் பிரிட்ஜில் நான் வைக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் உப்புக் குளியல். உப்பு எங்களுக்குப் பக்கத்தில்தான், ஆனையிறவுக் கல்லுப்பு. கடையில் பக்கெற்றில் வருவது அயடீன் சேர்த்தது. அயடீன் தைரொயிட்டைத் தூண்டும், அக்சோலோட்டலை உருமாற வைக்கக்கூடிய பொருள். பத்து நிமிடக் குளியலில் அப்படி நடந்துவிடாது என்றாலும் சேராத உப்பு கையில் இருக்கும்போது சேர்த்தது எதற்கு? பலரும் லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி என்று சொல்வார்கள். கல்லுப்பில் தேக்கரண்டிக் கணக்கு ஏமாற்றும், கல்லுக்கு இடையில் காற்று. நான் நிறுத்தே போடுகிறேன்: லீற்றருக்கு 10 கிராம், முழுதாகக் கரைந்த பிறகு, பெட்டியின் தண்ணீரும் குளியல் தண்ணீரும் ஒரே குளிரில், 10 நிமிடம். 15ஐத் தாண்டவே கூடாது. பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், துள்ளினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

பிறகு தேயிலை. எட்டு லீற்றர்த் தண்ணீருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி சாயத்தூள், ஏறக்குறைய 2 கிராம், கொதிநீரில் ஊறவைத்து வடித்து நன்றாக ஆறவைத்தது. தாய் பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா, தேத்தண்ணியிலயோ விடப்போறியள்?" ஓம், வெறும் சாயம். இஞ்சி, ஏலக்காய், வாசனை எதுவும் சேராத கறுப்புத் தேயிலை. அதில் இருக்கும் தனின் தோலை இறுக்கும், பங்கசுக்கு லேசாகத் தடை போடும். தோல் உரிந்த விலங்குக்கு அது ஒரு ஆறுதல், பெரிய மருந்து என்று நம்பியிருக்க முடியாது.

தினமும் முழுத் தண்ணீரும் மாற்றினேன். உப்பு காலை ஒருதரம், மாலை ஒருதரம்.

மூன்றாம் நாள் மாலை வலப்பக்கப் பஞ்சு சுருங்கி, குளியலில் தானாகக் கழன்று போனது. எனக்குச் சந்தோஷம். இடப்பக்கம் அப்படியே இருந்தது. "அது கொஞ்சம் பழையது, இன்னும் ஒருநாள் உப்புப் போதும்" என்று பெடியனுக்குச் சொன்னேன். அந்த வார்த்தையைத்தான் திரும்ப எடுக்க விரும்புகிறேன்.

நான்காம் நாள் காலை மூடியைத் திறந்தேன். இடது முன்கிளையின் நுனி கரைந்து போயிருந்தது. மஞ்சள் சாம்பல் படை கழுத்துப் பக்கம் இறங்கியிருந்தது. அந்தப் பின்கால் விரல் பாதியாய்க் கறுத்து, வயிற்றின் அடிப்பக்கம் முழுவதும் இளஞ்சிவப்பு. வெள்ளை உடம்பில் அந்தச் சிவப்பு தெரிகிற விதத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தோலுக்கு அடியில் இரத்தம் கசிகிறது, தொற்று இரத்தத்தில் ஏறுகிறது என்பதன் அடையாளம் அது.

என் தங்கை பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அதிபரிடம் கேட்டு ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வழி செய்தாள். கழன்று விழுந்த வலப்பக்கப் பஞ்சில் ஒரு துணுக்கும், இடப்பக்கத்திலிருந்து பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டெடுத்ததும், இரண்டு கண்ணாடித் தட்டில். பெடியனும் வந்தான்.

முதல் தட்டில் நீள நீளமான, கிளைவிட்ட, தடித்த நூல்கள். சப்ரொலெக்னியா வகை. பங்கசு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் நீர்ப்பூஞ்சணம், பங்கசை விடக் கடற்பாசி இனத்துக்கு நெருக்கமானது. இரண்டாவது தட்டில் நூலே இல்லை. 400 மடங்கில், மயிரை நறுக்கிப் போட்டது போல மெல்லிய கோல்கள், நழுவி நழுவி ஓடின. பத்து நிமிடம் விட்டுப் பார்த்தபோது துணுக்கின் ஓரத்தில் அவை குவிந்து குவிந்து எழும்பி நின்றன. "அன்ரி, சூடு வைச்ச மாதிரி இருக்கு" என்றான் பெடியன். சரியாகச் சொன்னான். களத்தில் வெட்டிய நெல்லை அடுக்கிச் சூடு வைப்போமே, அதே உருவம். கொலம்னாரிஸ் என்ற பற்றீரியா நோய் இப்படித்தான் காட்டும்.

கண்ணுக்கு இரண்டும் பஞ்சு. பூஞ்சணம் தூய வெள்ளையாகத் தண்ணீரில் அலையும், உப்புக்கும் குளிருக்கும் பணியும். கொலம்னாரிஸ் மங்கல் நிறத்தில் ஒட்டிக் கிடந்து சதையைத் தின்னும், சூட்டில் மணிக்கணக்கில் பரவும். உப்பும் தேயிலையும் அதை நிறுத்தாது. வயிற்றுச் சிவப்புக்கு ஏரோமோனாஸ் போன்ற இன்னொரு பற்றீரியாவும் சேர்ந்திருக்கலாம், அதை வளர்த்துப் பார்க்க எங்களிடம் வசதி இல்லை. நுணுக்குக்காட்டி இல்லாத வீட்டிலும் நிறத்தையும் ஓரத்தையும் பார்த்தால் சந்தேகமாவது வரும். எனக்கு முதல் நாளே வந்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் வீட்டு வைத்தியம் கிடையாது. பலர் இந்த இடத்தில் மருந்துக்கடையில் பற்றீரியாவைக் கொல்லும் ரெற்றாசைக்கிளின் குளிகை வாங்கித் தண்ணீரில் கொட்டுவார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளைப் படையாகப் படிகிற தண்ணீர், சுண்ணாம்பு கூடியது. அந்தக் கல்சியம் ரெற்றாசைக்கிளினைப் பிடித்துக் கட்டிவிடும். மருந்து வேலை செய்யாது, பற்றீரியாவுக்குப் பழக்கம் மட்டும் வரும்.

எங்கள் பகுதி மிருக வைத்தியர் மாடும் ஆடும் பார்க்கிறவர். படங்களையும் நுணுக்குக்காட்டிப் படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். தன்னோடு பேராதனையில் படித்த ஒருவரிடம் கேட்டு, அன்று மாலையே வரச் சொன்னார். பற்றீரியாவைக் கொல்லும் என்ரோபுளொக்சசின் ஊசி, ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை என்று முடிவு.

அப்போதுதான் அளவு என்றால் என்ன என்று கண்ணால் கண்டேன். அவர் கணக்குப்படி 48 கிராம் உடம்புக்குத் தேவை அரை மில்லிகிராம். போத்தலில் இருந்ததோ மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம். மெல்லிய இன்சுலின் சிரிஞ்சில் எடுத்தால் ஒரே ஒரு கோடு. கை ஒரு கோடு தவறினால் இரட்டை மருந்து. டொக்டர் ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு சேலைன் கலந்து பத்து மடங்கு ஐதாக்கினார், அப்போது பத்துக் கோடு வந்தது. "இதை நீங்கள் வீட்டில செய்யக் கூடாது, பிள்ளை" என்று பெடியனைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். பின்கால் பக்கம் போட்டால் மருந்து முதலில் சிறுநீரகத்துக்குள் போகும் என்று முன்காலின் தசையில் போட்டார். நான் ஈரமான கையுறையோடு பிடித்துக்கொண்டேன். கையுறை இரண்டு பேருக்கும் காவல்: உலர்ந்த கை அதன் தோலின் வழுவழுப்பை உரிக்கும், ஏரோமோனாஸ் நம் கைக் காயத்திலும் தொற்றும்.

உப்பை அன்றே நிறுத்தினேன். தேயிலையும் குளிரும் தினசரித் தண்ணீர் மாற்றமும் தொடர்ந்தன.

எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, பின்னேரம் இரண்டரைக்குத்தான் வந்தது. உறைந்த போத்தல்கள் தீர்ந்து 22 பாகைக்கு ஏறிவிட்டது. பெடியன் சைக்கிளில் போய்ச் சந்தை மீன்காரரிடம் ஒரு துண்டு ஐஸ் வாங்கிவந்தான். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெளிப்பெட்டிக்குள் வைத்தோம். மீன் ஐஸ் சுத்தமில்லாத ஐஸ், அதன் உருகுநீர் ஒரு துளிகூட உள்ளே போகக்கூடாது.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு வயிற்றுச் சிவப்பு மங்கத் தொடங்கியது. பத்தாம் நாள் இரவு வாழையடியில் கிண்டிய மண்புழு, உரம் போடாத மண்ணிலிருந்து எடுத்தது, கழுவி ஒரு அங்குலமாக நறுக்கிக் குறட்டால் நீட்டினேன். மூக்கருகே இரண்டு தரம் ஆட்டியதும் "டப்" என்று இழுத்தது. நான் உடனே தாய்க்கு அழைப்பு எடுத்தேன், இரவு பத்தரை மணி என்பதையும் யோசிக்கவில்லை.

கறுத்த விரல் பதின்மூன்றாம் நாள் உதிர்ந்தது. பத்தொன்பதாம் நாள் பஞ்சு, படை எதுவும் இல்லை.

ஊற்றிய தண்ணீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தினமும் எட்டு லீற்றரை நான் வாய்க்காலில் விடவில்லை. குளோரின் கலந்து ஒருநாள் வைத்து, தென்னையும் கிணறும் இல்லாத வெறும் நிலத்தில் ஊற்றினேன். வெளிநாட்டு ஈரூடகவாழிகளோடு வரும் கைற்றிட் பங்கசு உலகின் பல இடங்களில் தவளைகளை அழித்திருக்கிறது. எங்கள் வாய்க்கால் இரணைமடு வயல்களுக்குப் போகிறது. சிறுபோக வயலில் இரவு கத்துகிற தவளைகள் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான்.

விலங்கு தேறிய பிறகுதான் கடினமான பேச்சு வந்தது. அதற்குள் ஆறு கிழமை என் வீட்டில் இருந்துவிட்டது. சோளகக் காற்று எழும்பியபின் தண்ணீர் மேல் மின்விசிறி பிடித்தால் மூன்று நாலு பாகை இறங்கும், அந்தக் காற்று அவ்வளவு வறண்டது. அதுவும் 28ஐ 24 ஆக்கும், 18 ஆக்காது. தண்ணீர் குளிரூட்டும் இயந்திரம் வாங்க அந்த வீட்டில் பணம் இல்லை, வாங்கினாலும் கரண்ட் போகும் நாளில் என்ன செய்வது? தினமும் பன்னிரண்டு போத்தலை மாற்றி மாற்றி உறையவைக்கும் ஒரு பிள்ளைக்குப் பரீட்சையும் இருக்கிறது. வன்னியில் இயந்திரமும் மாற்று மின்சாரமும் இல்லாமல் அக்சோலோட்டல் வளர்ப்பது சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

வழி சொன்னது அம்மம்மாதான். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அவரின் தங்கை குடும்பம் இன்னும் நுவரெலியாவில். அங்கே வருடச் சராசரியே 16 பாகை அளவு. "ஐஸும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், அங்க தண்ணியில கை வைக்க ஏலாது" என்றார்.

அங்கே ஒரு தொட்டியை முதலிலேயே போட்டு, பில்டரில் பற்றீரியா பிடித்து அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும்வரை ஐந்து கிழமை காத்திருந்தோம். எழுபத்தாறாம் நாள், ரெஜிபோம் பெட்டியில் இரண்டு போத்தல் ஐஸோடு, இரவு பஸ்ஸில் தாயும் பெடியனும் கொண்டுபோனார்கள். புறப்படுவதற்கு முந்தின நாளிலிருந்து சாப்பாடு கொடுக்கவில்லை, வழியில் தண்ணீர் அழுக்காகாமல் இருக்க.

பாடசாலை விடுமுறைக்கெல்லாம் போய்வருகிறான். போன கிழமை சின்ன அம்மம்மா அனுப்பிய படத்தில் வெப்பமானி 17 காட்டியது, இடது செவுள் வலதை விடக் கொஞ்சம் கட்டை, ஆனால் நிறையச் சிவந்த இழைகள். பெடியன் அது போதாதென்று வலது பின்காலைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். முன்காலில் நாலு விரல், பின்காலில் ஐந்து இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கி, என் முன்னால் இருந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். ஐந்தாவது மற்றதன் பாதி நீளம்தான், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.